பூஜைக்கு வைத்த குழல்

சுப்புராஜ் அண்ணாச்சி மிளகாய்ப் பொடியில் சாயம் கலந்தாரா, இல்லை நான்தான் அந்த மனிதரைக் கலப்படக்காரர் ஆக்கினேனா? ஒன்பது மாதமாக எனக்கு வேறு கவலையே இல்லை. வீட்டு ஓடு கசிந்தது, தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போனது, எதுவும் மனதில் ஒட்டவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எங்கள் லேபின் இரும்பு அலமாரியில், வெள்ளிக் கவருக்குள், நூறு கிராம் மிளகாய்ப் பொடி. அதைத் திங்கட்கிழமை எரிக்கப்போகிறார்கள் என்று ஜிதின் வெள்ளிக்கிழமை காலையில் வந்து சொன்னான்.

ஜிதின் என்னோடு வேலை பார்ப்பவன். "பிந்துச்சேச்சி, ஒன்பது மாசம் கழிஞ்ச சாம்பிளோட லிஸ்ட். கையொப்பு போட்டுத் தாங்க. திங்களாழ்ச்சை வண்டி வரும்" என்று காகிதத்தை நீட்டினான். நாற்பத்தொன்றாவது வரியில் அண்ணாச்சியின் லாட் நம்பர். என் கையில் இருந்த சாயா மேஜையில் சிந்தியது. "பிறகு போடறேன், நீ போடா!" என்று கத்தினேன். பாவம், அவன் ஒன்றும் புரியாமல் போனான். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர்களுக்குத்தான் விழும், அது என் பிறவிக் குணம்.

எங்கள் லேப் கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சுக்கு கிட்டங்கியின் மாடியில் இருக்கிறது. கப்பலேறும் மிளகு, ஏலம், மிளகாய்ப் பொடி எல்லாம் இங்கே சோதனைக்கு வரும். முதலாளி வெங்கிடாசலம் சார் பாலக்காட்டுக்காரர், பக்திமான். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என் அப்பா நகராட்சியில் சாக்கடைக் கான வாரிய மனிதர். அவர் மகள் வெள்ளைக் கோட்டு போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தது எங்கள் காலனியில் பெரிய விஷயம். அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மெஷினின் உயிர் ஒரு ஸ்டீல் குழலில் இருக்கிறது. ஒரு சாணுக்கு மேல் நீளம் இல்லை, விரல் தடிமன்தான். உள்ளே வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மிளகாய்ச் சாற்றை ஒரு சொட்டு ஏற்றினால் கரைப்பான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு சாயமும் அதற்கு உரிய நேரத்தில் வெளியே வரும், கம்ப்யூட்டரில் கோடு எழும்பும். மிளகாய்க்குச் சிவப்பு ஏற்றத் திருட்டுத்தனமாகக் கலக்கும் சூடான் என்ற சாயத்தின் முதல் வகை ஒன்பதாவது நிமிடம் வரும். நாலாம் வகை பிடிவாதக்காரி, பதினாறாவது நிமிடம்தான் இறங்குவாள். ஒரு வரிசை முடிந்தால் குழலைக் கழுவ வேண்டும். முதலில் தண்ணீர் கூடுதலாக, பிறகு அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் கூடுதலாக, ஒரு மணி நேரம். எடுத்து வைப்பதானால் அசிட்டோநைட்ரைலை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து வைக்க வேண்டும். மறுபடி மாட்டினால் பழைய கரைப்பானை ஓடவிட்டு, கோடு அசையாமல் நிற்கும்வரை அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் முதலில் வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்க்க வேண்டும், அதில் ஒன்றும் எழும்பக் கூடாது. இதில் எதை விட்டாலும், முன்னால் போனவனின் மிச்சம் பின்னால் வருபவன் தலையில் விடியும்.

இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

போன வருஷம் பூஜை வைப்பு அன்று சாயங்காலம். எங்கள் ஊரில் அஷ்டமிக்குப் புத்தகத்தையும் ஆயுதத்தையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தால், விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அதுவரை எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. நான் ஏழாம் நம்பர் குழலில் நாலு வகைச் சாயத்தையும் கலந்த, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஸ்டாண்டர்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். சார் வேட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"பிந்து, ஆறு மணிக்குள்ள வைக்கணுமாக்கும். மெஷினை ஓஃப் பண்ணு."

"சார், நாலாம் சாயம் இன்னும் இறங்கல்ல. கழுவவும் வேணும், ஒரு மணிக்கூர் ஆகும்."

"அம்மை காத்திருப்பாளா? வந்து கழுவலாம். குழலையும் எடு, அதுவும் ஆயுதம்தானே."

பதின்மூன்றாவது நிமிடம் மெஷினை நிறுத்தினேன். நாலாம் சாயம் குழலுக்குள் பாதி வழியில் நின்றது. அப்படியே கழற்றித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, லாக் புத்தகத்தின் மேல் வைத்தேன். சார் கற்பூரம் காட்டினார். எல்லாரும் அவல் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி காலை ஏழரைக்கு முகூர்த்தம். சுப்புராஜ் அண்ணாச்சி ஏழு மணிக்கே வந்துவிட்டார். செர்லாயில் சின்ன மிளகாய் மில் வைத்திருந்தவர், மிளகாய்த் தூசியால் எப்போதும் ஒரு இருமல் உண்டு. தம்பி செல்லதுரைதான் மில்லில் அரைப்பவன், அண்ணனுக்கு வலது கை. அன்று சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அவனும் வந்திருந்தான். அண்ணாச்சிக்கு முதல் தடவையாக வெளிநாட்டு ஆர்டர் கிடைத்திருந்தது. ஒரு சீப்பு ஏத்தன்பழத்தை என் மேஜையில் வைத்தார்.

"மோளே, என்னோடதை முதல்ல ஓட்டு. நல்ல நாளாக்கும், ஐஸ்வர்யம் வரட்டும்."

"முதல்ல வெறும் கரைப்பான் ஓட்டணும் அண்ணாச்சி" என்றேன்.

சார் குறுக்கே வந்தார். "விஜயதசமிக்கு முதல் ஓட்டம் வெறுமையா ஓட்டறதா? அசுபம். அவரோடதை ஏத்து."

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடம்தான் குழலில் கரைப்பான் ஓடியது. அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டு நிற்க, நான் ஊசியை ஏற்றினேன். ஒன்பதாவது நிமிடம் கோடு எழும்பியது. அது முதல் வகையின் நேரம், ஆனால் காய்ந்த குழலில் ஒட்டிக்கிடந்த நாலாம் சாயமே தாமதமாக இறங்கியதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது ஊசி போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். பதினேழு சாம்பிள் காத்துக் கிடந்தது. போடவில்லை, போட்டதாக எழுதினேன். லாக் புத்தகத்தில் அஷ்டமிக்கு நேராகக் கட்டம் காலியாக இருந்தது. 'அறுபது நிமிடம் கழுவியது' என்று அதில் எழுதினேன். பூஜையில் இருந்து எடுத்த புத்தகத்தில் நான் எழுதிய முதல் எழுத்து பொய்.

ரிப்போர்ட் போனது. வல்லார்பாடம் துறைமுகத்தில் அவருடைய கண்டெய்னரை நிறுத்திவிட்டார்கள், லைசன்ஸையும் பிடித்து வைத்தார்கள். நாலாம் நாள் அண்ணாச்சி லேபுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நான் வாயைத் தீட்டி வைத்திருந்தேன். அவரோ சத்தமே போடவில்லை. "ஒண்ணு கூட நோக்கித் தரியா மோளே? எங்கயாவது பிசகு வந்திருக்குமோ?" என்று கெஞ்சினார்.

எனக்குள் பயம். பயம் வந்தால் எனக்கு நாக்கு நீளும். "மெஷினுக்கு உங்க மேல என்ன விரோதம் அண்ணாச்சி? கண்ணால பாருங்க" என்று லாக் புத்தகத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். நான் பொய் எழுதிய கட்டத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். தலையை ஆட்டிவிட்டு, படியில் இருமிக்கொண்டே இறங்கிப் போனார். ஒரு மாதம் ஆகவில்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஏழாம் நம்பர் குழலைப் பெட்டியில் இருந்து எடுத்து மாட்டினால், முதல் வெறும் ஓட்டத்தில் ஒன்பதாவது நிமிடம் கோடு எழும்பும். சாம்பிள் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கரைப்பான்தான். கழுவினால் போய்விடும். முறைப்படி அடைத்துப் பெட்டியில் வைத்து, அடுத்த வாரம் எடுத்தால் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கும். எங்கள் தொழிலில் இதற்கு கோஸ்ட் பீக், பேய்க் கோடு என்றே பெயர். குழலில் எங்கேயோ ஒட்டியிருக்கும் மிச்சம் என்று புத்தகம் சொல்லும். எனக்கும் தெரியும். ஆனால் கோடு எழும்பும் நேரத்தில் அந்த ஏசி அறைக்குள் மிளகாய் நெடி வரும், மூக்கு எரியும். பம்பு ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பின்னால் யாரோ இருமுவது போலக் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பஜார் ரோட்டில் நடந்தால் முன்னால் போகும் ஒவ்வொரு வெள்ளைச் சட்டையும் அவராகத் தெரிந்தது. வேகமாக நடந்து முந்திப்போய் முகத்தைப் பார்ப்பேன். இரண்டு பேர் என்னைத் திட்டியும் இருக்கிறார்கள்.

"அந்தக் குழலைத் தூக்கிக் களையுங்க சேச்சி, அதில ஆவி கூடியிருக்கு" என்பான் ஜிதின், பாதி விளையாட்டாக. நான் களையவில்லை. மற்ற குழலில் அந்தப் பொடியைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஏன் பார்க்கவில்லை? பயம்தான், வேறென்ன.

திங்கட்கிழமை வண்டி வரும் என்றதும் அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் வந்தது. பொடி எரிந்துவிட்டால் இனி எந்தக் காலத்திலும் எனக்குத் தெரியாது. சாகும்வரை வெள்ளைச் சட்டைகளின் பின்னால் ஓட வேண்டியதுதான்.

மறுநாள் இரண்டாம் சனி, லேப் லீவு. சார் குடும்பத்தோடு குருவாயூர் போயிருந்தார், சாவி என்னிடம் இருந்தது. கர்க்கடக மாசத்து ஆடி மழை, காலை ஒன்பது மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. வெள்ளிக் கவரைப் பிரித்து, பொடியை நிறுத்து, சாறு எடுத்து வடிகட்டினேன். ஏழாம் நம்பர் குழலையே மாட்டினேன். வேறு நல்ல குழல் இருந்தது. ஆனாலும் தப்பு நடந்த இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

முதலில் வெறும் ஓட்டம். எட்டு நிமிடம் கோடு நேராகப் போனது. ஒன்பதாவது நிமிடம் எழும்பியது.

"வந்தாச்சா?" என்றேன் வாய்விட்டு. மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. பொடியைத் திறந்து வைத்தது நான்தான், நெடி வராமல் இருக்குமா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதுகு மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கழுவாமல் இப்போதே அவர் சாற்றை ஏற்றினால் கோடு நிச்சயம் எழும்பும். அச்சடித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். அவர் கலந்தவர்தான், மெஷின் இரண்டு தடவை சொல்லிவிட்டது என்று படுத்துத் தூங்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? பொடி எரிந்துவிடும், மனிதரும் எரிந்தாயிற்று. குப்பியைத் தட்டில் வைத்துவிட்டேன். மவுஸில் விரல் இருந்தது. பம்பு திரும்பியது, பின்னால் இருமல் கேட்டது.

"சும்மா இருங்க அண்ணாச்சி! கழுவறேன்! கழுவித்தான் தொலைக்கறேன்!" என்று ஆளில்லாத அறையில் தொண்டை கிழியக் கத்தினேன். குப்பியை எடுத்து வெளியே வைத்தேன்.

பிறகு கழுவினேன். தண்ணீர் கூடுதலாக ஒரு மணி நேரம். கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டோநைட்ரைலை ஏற்றி ஒரு மணி நேரம். அது முடிந்து ஐசோப்ரோபனால். அது கொழகொழப்பு, வேகமாக விட்டால் பிரஷர் ஏறிக் குழல் கெட்டுப்போகும் என்பதால் சொட்டுச் சொட்டாக விட்டேன். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிரஷர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு கொண்டுவந்திருந்தேன், இறங்கவில்லை. வந்த வழியே படிப்படியாகப் பழைய கரைப்பானுக்குத் திரும்பி, அரைமணிக்குப் பதில் ஒரு மணி நேரம் விட்டேன். கோடு அசையாமல் நின்றபோது மணி இரண்டே முக்கால்.

வெறும் ஓட்டம். ஒன்பதாவது நிமிடம் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் வரை ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை ஓட்டினேன், அதிலும் இல்லை.

அண்ணாச்சியின் சாற்றை ஏற்றினேன். ஏழு. எட்டு. ஒன்பது. கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பத்து, பதினொன்று. பதினாறும் தாண்டியது. மறுபடி ஏற்றினேன். மூன்றாவது தடவை பொடியைப் புதிதாக நிறுத்து, புதிதாகச் சாறு எடுத்து ஏற்றினேன். ஒன்றும் இல்லை. கடைசியாக, மெஷினுக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க ஸ்டாண்டர்டை ஏற்றினேன். நாலு சாயமும் வரிசையாக, அதனதன் நேரத்துக்கு வந்து நின்றன. மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை.

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கோபம். துளியூண்டாவது கலந்திருக்கக் கூடாதா இந்த மனிதர்? ஊரில் எல்லாரும் எதையாவது கலக்கிறார்களே, இவருக்கு மட்டும் என்ன வந்தது? அந்தக் கோபம் அடங்கியபோதுதான் ஒன்பது மாதமாக நான் எதை வேண்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு விளங்கியது. அவர் திருடராக இருக்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். அப்புறம் அழுகையும் வந்தது.

எல்லாவற்றையும் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டேன். லாக் புத்தகத்தில் புது வரியில், அஷ்டமி அன்று கழுவவில்லை, அங்கே எழுதியிருப்பது பொய், இரண்டாவது ஊசியும் போடவில்லை என்று எழுதினேன். படம் எடுத்துச் சாருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "பிந்து, நீ யாரிட்டயும் ஒண்ணும் பறயாதே. திங்களாழ்ச்சை நான் வந்து நோக்கறேன்" என்றார். "லைசன்ஸ் ஆபீசுக்கும் அனுப்பியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். வேலை போகும். போகட்டும் என்று தோன்றியது. அன்று ராத்திரி நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு காலை செர்லாய்க்குப் போனேன். அண்ணாச்சியின் மனைவி காளியம்மை அக்கா முற்றத்துக் குழாயடியில் பச்சரிசி களைந்துகொண்டிருந்தார். மில் பூட்டிக் கிடந்தது.

"அக்கா, நான் பிந்து. லேபில..."

"தெரியும். ரிப்போர்ட் போட்ட குட்டி. மழையில நிக்காதே, உள்ள வா."

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை வைப்பு, பாதியில் நிறுத்தியது, முதல் ஓட்டம், பொய்யெழுத்து, நேற்றுப் பார்த்தது. காகிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, வாசிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"கழுவலையா?" என்றார்.

"கழுவல்ல அக்கா."

"புஸ்தகத்துல எழுதியிருந்துச்சே. அவரு வந்து பறஞ்சாரு. ஒரு மணிக்கூர் கழுவி, ஒவ்வொண்ணும் எழுதி வெச்சிருக்காங்க காளி, அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு நம்ம வீட்டுலயாக்கும்னு."

அக்கா மடியில் இருந்த காகிதத்தை இன்னொரு தடவை மடித்தார்.

"அப்போ செல்லதுரை கலக்கலையா?"

"யாரும் கலக்கல்ல அக்கா. பொடியில ஒண்ணுமே இல்ல."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உன்னோட புஸ்தகத்தைப் பார்த்துட்டு வந்த அன்னிக்குத்தான் அவனை அடிச்சாரு. இருபது வருஷத்துல ஒரு நாள் கை நீட்டினதில்ல. செருப்பைக் கழட்டி அடிச்சாரு. நான் கலக்கல அண்ணா, நான் கலக்கல அண்ணான்னு காலைப் பிடிச்சு அழுதான். மெஷின் பொய் பறயுமாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு. அப்படியே இறங்கிப் போனான். இவரு செத்ததுக்கு ஓடி வந்தான். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்ல, அவன்தான் கொள்ளி போட வேண்டியவன். நான் கேட்டைப் பூட்டிட்டேன். அண்ணனைக் கொன்னவனே போடான்னு தெருவே கேக்கப் பறஞ்சேன். அவன் மழை நனைஞ்சுட்டு எதிர்ப்பக்கம் நின்னான், பாடை போற வரைக்கும்."

களைந்து கொண்டுவந்திருந்த அரிசிப் பாத்திரத்தை எடுத்து வைத்தார், மறுபடி நகர்த்தினார். "வாவு வருது, கர்க்கடக அமாவாசை. அவருக்குப் பிண்டம் வெச்சுப் பலி போட ஆளில்லாம நானே போடலாம்னு இருந்தேன்" என்றார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார், ஒரே ஒரு தடவை. நேற்று ராத்திரி நான் தூங்கிய தூக்கம் எனக்கு நினைவு வந்தது. இனி இவர் தூங்கமாட்டார் என்று தெரிந்தது.

"செல்லதுரை எங்க இருக்காரு இப்ப?" என்றேன்.

"கும்பளங்கியில, மீன் குளத்துக்குக் காவல் கிடக்கான்னு கேள்வி." அலமாரியில் இருந்து போனை எடுத்தார். எண்ணை அழிக்காமல் வைத்திருந்தார். அழுத்திவிட்டு, மணி அடிக்கத் தொடங்கியதும் என் கையில் திணித்தார். "எனக்கு நாக்கு இல்ல. நீ பண்ணினது. நீயே பறை."

மூன்றாவது மணியில் எடுத்தார். "அண்ணியா?" என்றது குரல். உடனே ஒரு மூச்சு. "அண்ணி, விளிச்சீங்களா?"

நான் யார் என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பொடியில் சாயம் இல்லை, குழலை நான் கழுவவில்லை, கழுவினதாக எழுதினது பொய், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எதிர்ப்பக்கம் குளத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள். அவராகத்தான் இருக்கும். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அண்ணன் இதை அறிஞ்சிட்டா போனாரு?" என்று மட்டும் கேட்டார்.

காளியம்மை அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல, அறியாமத்தான் போனாரு" என்றேன்.